ஓடாத வண்டி

மீட்டர் பொய் சொல்கிறது என்று முடிவு செய்துவிட்டுத்தான் லென்ஸ் காருக்குள் தலையை நீட்டினார்.

முதலில் முடிவு, பிறகு தேடல் என்பது துப்பறிகிறவருக்கு அழகல்ல. இதை அவரே தன் உதவியாளர் பம்பரத்திடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் மற்ற வழக்குகளில் கார் ஓட்டியது யாரோ. இதில் ஓட்டியது அவருடைய தங்கை. பின் இருக்கையில் பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தது தங்கையின் எட்டு வயது மகள்.

காவல் நிலையத்துக்குப் பின்னால், பிடிபட்ட சைக்கிள்களுக்கும் சக்கரமில்லாத ஒரு தண்ணீர் லாரிக்கும் நடுவே அந்த நீலக் கார் நின்றது. இடது முன்பக்கம் கசக்கி எறிந்த காகிதம் போலிருந்தது. ஆறு நாட்களுக்கு முன் காலை ஏழரை மணிக்கு, வளைவோ மழையோ இல்லாத நேரான சாலையில், அது திடீரென்று இடது பக்கமாக ஒதுங்கிப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. பிரேக் பிடித்த தடம் சாலையில் இல்லை. தங்கைக்கு மணிக்கட்டில் சிராய்ப்போடு போயிற்று. குழந்தைக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

தங்கை மருந்துக் கடையில் இரவு வேலை பார்ப்பவள். அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, மகளைப் பள்ளியில் விடக் கிளம்பியிருக்கிறாள். கொட்டாவி விட்டது ஞாபகம் இருக்கிறது, அடுத்து ஞாபகம் இருப்பது சத்தம்தான் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். கண் அசந்துவிட்டேன், தப்பு என் மேல்தான் என்றும் அவளே சொன்னாள். இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்? மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

கையெழுத்துகூட லென்ஸை அவ்வளவு உறுத்தவில்லை. ஆறு நாளாக அவள் ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எதிரில்தான் மகள் படுத்திருக்கும் அறை. ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை. "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு போறது?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே குழந்தை அம்மா எங்கே, அம்மா எங்கே என்று கேட்க, அப்பாக்காரர் நாளுக்கொரு பொய் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

அந்த அப்பாக்காரர், அதாவது லென்ஸின் மாப்பிள்ளை, வேறு ஒரு ஆளைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தார். ஒன்பது வயதுக் கார், பதினாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று மீட்டரைத் திருப்பிவைத்து, ஒரு லட்சம் ஓடிய கிழட்டு வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் அந்த வியாபாரி என்பது அவர் கட்சி. நேற்று நேராகப் போய் வியாபாரியின் அலுவலகக் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்திருந்தார்.

லென்ஸ் வாய் திறக்கவில்லை. காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் இந்தக் காரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று தங்கையிடம் சொன்ன வாய் அது. தங்கை பார்த்துவைத்திருந்தது வேறொரு வெள்ளைக் கார். வாடகைக்கு ஓடி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியது, சர்வீஸ் புத்தகம் ஒரு பக்கம் விடாமல் நிரம்பியது. "ஓடி ஓடித் தேஞ்சதை வாங்கி என்ன பண்ணப் போறே?" என்று இவர் சிரித்திருந்தார்.

ஆகவே மீட்டர் பொய் சொல்லியாக வேண்டும். அது பொய் சொன்னால் அவரும் ஏமாந்தவர். உண்மை சொன்னால்? அந்தப் பக்கம் அவர் யோசிக்கப் போகவில்லை.

"தலைவரே, கிளட்ச் பெடலைப் பாருங்க" என்றாள் பம்பரம். முப்பது தாண்டிய அவள், இவரிடம் வருவதற்கு முன் ஏழு வருடம் வாடகைக் கார் ஓட்டியவள். ஒரு இடத்தில் நிற்காததால் வந்த பெயர். இவருக்கு லென்ஸ் என்ற பெயரைக் காவல் நிலையத்தில் யாரோ வைத்தார்கள். வைத்த நாளிலிருந்து அவர் ஒரு லென்ஸைக் கையில் தொட்டதில்லை.

பெடலின் ரப்பரில் கோடுகள் விளிம்பு மழுங்காமல் இருந்தன. ஒரு லட்சம் கிலோமீட்டர் மிதித்த கால் அந்தக் கோடுகளை வழித்து எடுத்திருக்கும். ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளக்கவில்லை. சீட் உள்வாங்கவில்லை.

பெடலை மாற்றியிருக்கலாம் என்றார் லென்ஸ்.

பெடலையும் சீட்டையும் ஸ்டியரிங்கையும் மாற்றுகிறவன் மீட்டரை விட்டுவிட்டுக் காரையே மாற்றியிருப்பான் என்றாள் பம்பரம். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு சொல்லட்டுமா? எந்தக் கேஸ்லயும் நீங்க இவ்வளவு ஆசைப்பட்டு நான் பாத்ததில்லை."

அவர் கேட்காதவர் போல ஓட்டுநர் கதவை முழுதாகத் திறந்தார். கீல் பக்கத்து இடுக்கில், வெளுத்துப்போன ஒரு சர்வீஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆயில் மாற்றிய தேதி, அப்போது மீட்டர் காட்டிய எண். தேதி ஆறு வருடத்துக்கு முந்தையது. எண் 13,980.

லென்ஸ் சட்டைப் பையிலிருந்து வண்டி வாங்கிய காகிதத்தை எடுத்தார். வாங்கிய அன்று மீட்டர் 14,060.

"ஆறு வருஷம். எண்பது கிலோமீட்டர்" என்றார். ஆறு நாளில் முதல் தடவையாக அவர் குரலில் தெம்பு வந்திருந்தது. "எந்த வண்டியாவது ஆறு வருஷத்துல எண்பது கிலோமீட்டர் ஓடுமா?"

"எங்க வீட்டு பீரோ அதைவிட அதிகம் ஓடியிருக்கு. நாங்க நாலு வீடு மாத்தினோம்."

"அப்போ திருப்பியிருக்கான். ஸ்டிக்கர் இருக்கிறதைக் கவனிக்காம, அதுக்குக் கொஞ்சம் மேல கொண்டுவந்து நிறுத்திட்டான். மாட்டினான்."

பம்பரம் காரைச் சுற்றி நடந்தாள். இடது முன் டயர் தோல் உரிந்த மாதிரி கிடந்தது. மற்ற மூன்றும் முழுசாக இருந்தன. டிக்கியைத் திறந்தால் உள்ளே கை நீளத்துக்கு ஒரு கருப்பு ரப்பர்ப் பட்டை. அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் கேட்டாள். பாலத்துக்கு அறுபது தப்படி முன்னால் சாலை நடுவில் கிடந்தது, ஏதோ லாரியில் இருந்து விழுந்திருக்கும், பின்னால் வருகிற ஸ்கூட்டர்க்காரன் வழுக்கி விழக்கூடாதே என்று எடுத்து டிக்கியில் போட்டேன் என்றார் அவர். பம்பரம் பட்டையையும், டயர்களையும், டயரின் ஓரத்தில் அச்சாகியிருந்த எழுத்துகளையும் செல்போனில் படம் பிடித்தாள்.

எதற்கு என்று லென்ஸ் கேட்டார்.

"வீட்ல மாட்டி வைக்க" என்றாள்.

* * *

வியாபாரியைத் தொழில் வட்டாரத்தில் பாலிஷ் என்பார்கள். பேசும்போதும் கையில் இருக்கும் துணி ஏதாவது ஒரு காரைத் துடைத்துக்கொண்டேயிருக்கும். உடைந்த ஜன்னலில் அட்டையை வைத்து டேப் ஒட்டியிருந்தார். லென்ஸைக் கண்டதும் முதலில் மாப்பிள்ளை கூட வந்திருக்கிறாரா என்று கேட் வரைக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

லென்ஸ் ஸ்டிக்கர் விஷயத்தை மேசைமேல் வைத்தார். பதின்மூன்றாயிரத்துச் சொச்சம், பதினாலாயிரத்துச் சொச்சம், நடுவில் ஆறு வருடம். ஐந்து மணிக்குள் உண்மை வெளியே வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார்.

பாலிஷின் துணி நின்றது.

"திருப்பியிருக்கேன் சார்" என்றார்.

லென்ஸ் நிமிர்ந்தார்.

"இதை இல்லை. மத்ததை. இந்தத் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து பன்னெண்டு வண்டி திருப்பியிருக்கேன். வேணும்னா ஒவ்வொண்ணா எழுதித் தரேன். அந்தப் பன்னெண்டும் இன்னைக்கும் ஓடிக்கிட்டிருக்கு. நான் கை வைக்காத ஒரே வண்டி இதுதான். இதுதான் போய் மோதியிருக்கு."

பம்பரம் சிரிப்பை அடக்க ஜன்னல் அட்டையைப் பார்த்தாள். பாலிஷ் சிரிக்கவில்லை. ஆறு நாளாக அவரும் தூங்கவில்லை என்பது கண்ணுக்குக் கீழே தெரிந்தது. குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார். இந்த வண்டியைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை, பழைய சொந்தக்காரர் போனில் சொன்னதே இரண்டே வார்த்தைதான், அதைவிட நல்ல விளம்பரம் எவன் தருவான் என்றார். அதைத்தான் சாக்பீஸால் முன் கண்ணாடியில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாராம்.

லென்ஸுக்கு அது நினைவிருந்தது. 'ஓடாத வண்டி.' தங்கைக்கு அதைப் படித்துக் காட்டியதே அவர்தான்.

"சாவி கொடுக்கிறப்போ நான் ஒண்ணு சொன்னேனே சார். நீங்ககூட அதுக்கு…"

"பழைய ஓனர் விலாசத்தைக் கொடுங்க" என்று லென்ஸ் குறுக்கே விழுந்தார். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

பாலிஷ் அவரைப் பார்த்தார். பிறகு பம்பரத்தைப் பார்த்தார். பேசாமல் விலாசத்தை எழுதினார். பம்பரமும் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது மழைக்கு முன் காற்று நிற்பது மாதிரி என்று லென்ஸுக்குத் தெரியும்.

* * *

பம்பரத்தின் கார் நாலு லட்சம் கிலோமீட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் அத்தை. இருமும், முனகும், ஆனால் கூப்பிட்டால் வரும். வழக்கமாக அதில் ஏறும்போதெல்லாம் லென்ஸ் ஏதாவது குத்தல் சொல்வார். இன்று சொல்லவில்லை.

அவளே ஆரம்பித்தாள். தினமும் ஓடுகிறவளுக்கு நோய் வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், படுத்தே கிடக்கிறவளுக்கு எழுந்து நடக்கும்போதுதான் தெரியும் என்றாள். யாரைச் சொல்கிறாய் என்று அவர் கேட்டார். அத்தையைத்தான் என்றாள்.

ஊரைத் தாண்டி, செங்கல் சூளைகளைத் தாண்டி, இரண்டு ரயில் பாதைகளைத் தாண்டி ஒருவழியாக விலாசத்து வாசலில் நின்றபோது மணி ஒன்றே முக்கால். லென்ஸ் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"தலைவரே, இறங்காதீங்க. இதைப் பாருங்க."

பெரிய மீட்டருக்குக் கீழே இருந்த சின்ன மீட்டரைக் காட்டினாள். சவாரிக்குச் சவாரி அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது அவளுடைய பழைய பழக்கம். பாலிஷ் வாசலில் கிளம்பும்போதும் கை தானாகப் போய் அழுத்தியிருக்கிறது. இப்போது அது எண்பது காட்டியது.

லென்ஸ் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டிலிருந்து பாலிஷின் இடம் எண்பது கிலோமீட்டர். அன்று ஸ்டிக்கரில் இருந்ததற்கும் விற்ற அன்று இருந்ததற்கும் வித்தியாசம் எண்பது. அப்படியானால் அந்தக் கார் ஆறு வருடத்தில் ஒரே ஒரு பயணம்தான் போயிருக்கிறது. இங்கிருந்து அங்கே, விற்பதற்கு. அதற்கு முன்னால் ஒரு அடிகூட நகரவில்லை.

மீட்டர் பொய் சொல்லவில்லை.

"இறங்கலாமா?" என்று பம்பரம் கேட்டாள், கொஞ்சம் மென்மையாக.

கதவைத் திறந்தவர் எழுபதைத் தாண்டியவர், தடித்த கண்ணாடி போட்டவர். முப்பது வருடம் எடை அளவுத் துறையில் இருந்து, கள்ள எடைக்கல் வைத்திருந்த கடைக்காரர்களுக்குச் சிம்மசொப்பனமாக வாழ்ந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவர் பெயர் இன்னும் தராசு. மீட்டரைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அளவில் பொய் இருக்கிறதா என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றார். விபத்தைப் பற்றிச் சொன்னதும் சிவப்பு இறங்கிவிட்டது. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

ஆறு வருடத்துக்கு முன் பார்வை மங்க ஆரம்பித்ததாம். ஒரு நாள் தெருமுனையில் ஆயில் மாற்றிக்கொண்டு திரும்பும்போது எதிரே வந்த சைக்கிளை மரத்தின் நிழல் என்று நினைத்தாராம். சைக்கிள்காரன் குதித்துத் தப்பினான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து காரை ஷெட்டில் விட்டவர், சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பிறகு தொடவில்லை.

"அது சரி சார்" என்றார் லென்ஸ். "விக்கிறப்போ அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"உண்மையைத்தான். அது ஓடாத வண்டின்னு சொன்னேன்."

"அதாவது, அதிகம் ஓட்டாத வண்டின்னு."

தராசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் குரல் வந்த திசையைப் பார்த்தார்.

"ஓடாத கடிகாரம்னு நான் சொன்னா நீங்க என்ன நினைப்பீங்க? புதுக் கடிகாரம்னா?"

சுவரில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எடைக்குப் போட எடுத்துக்கிட்டுப் போறாங்கன்னுதான் நினைச்சேன்" என்றார் தராசு. "ஆள் வந்தான். புது பேட்டரி மாட்டினான், காத்து அடிச்சான், ஸ்டார்ட் பண்ணினான். அப்பவே கையைத் தட்டி நிறுத்தியிருக்கணும். ஆனா ஆறு வருஷம் கழிச்சு அந்தச் சத்தம் காதுல விழுந்ததும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பேசாம நின்னுட்டேன்."

ஷெட்டைப் பார்க்க வேண்டும் என்றாள் பம்பரம். அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து போய்த் திறந்துவிட்டார். சிமென்ட் தரையில் கார் நின்ற இடத்தில் நான்கு கறுப்புக் கறைகள், ஆறு வருடம் ஒரே இடத்தில் நின்ற டயர்கள் விட்டுப்போனவை. பக்கத்துச் சுவரில் ஜன்னலுக்குக் கதவு இல்லை. அந்த ஓட்டை வழியாக மதிய வெயில் சதுரமாக உள்ளே இறங்கி, நான்கு கறைகளில் ஒன்றின் மேல் மட்டும் சரியாகப் படுத்திருந்தது.

"இடது முன் டயர்" என்றாள் பம்பரம்.

செல்போனை எடுத்துக் காலையில் பிடித்த படங்களைத் தள்ளினாள். டயரின் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். டயர் பிறந்த நாள் அதுதான் என்று விளக்கினாள். வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டரை அப்புறம் பார்ப்பார்கள், முதலில் இதைத்தான் பார்ப்பார்கள். நான்கு டயரிலும் வருடம் ஒன்றே. கார் பிறந்த அதே வருடம்.

"ஒன்பது வயசு டயர். மேல இருக்கிற பட்டன் வரி தேயலை, உள்ளுக்குள்ள ரப்பர் செத்துப்போச்சு. வண்டிதான் ஓடலை தலைவரே, வருஷம் ஓடியிருக்கு."

அடுத்த படம் டிக்கியில் கிடந்த ரப்பர்ப் பட்டை. அதன் வரிகளும், மற்ற மூன்று டயர்களின் வரிகளும் ஒன்றுதான். லாரியிலிருந்து விழுந்ததல்ல. இந்தக் காரின் டயர், பாலத்துக்கு அறுபது தப்படி முன்பே தோல் உரிந்து சாலையில் விழுந்திருக்கிறது. உரிந்த பக்கம் கார் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தூங்கியிருந்தாலும் விழித்திருந்தாலும் தங்கையால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

கேஸ் முடிந்துவிட்டது. தங்கை குற்றவாளி இல்லை. லென்ஸ் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

* * *

திரும்பும் வழியில் இரண்டாவது ரயில் கேட் மூடியிருந்தது. எஞ்சினை நிறுத்தினாள் பம்பரம்.

"பாலிஷ் டயரைப் பத்தித்தான் ஏதோ சொல்ல வந்திருக்காரு. நீங்க விடலை."

ரயில் வரும் வழியாகத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்க வேறு ஒன்றும் இல்லாததால் லென்ஸ் தன் கைகளைப் பார்த்தார்.

"டயரை மட்டும் மாத்திடுங்க சார்னு அவன் சொன்னான். பழைய டயர், நம்பாதீங்கன்னு சொன்னான். நான் குனிஞ்சு பட்டனைத் தடவிப் பாத்தேன். ஓடாத டயரை மாத்தச் சொல்றியே, என்கிட்டயே டயர் விக்கிறியான்னு கேட்டேன்." கைகளைத் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. எங்கண்ணனை ஏமாத்த முடியாதுன்னு சொல்லிச் சிரிச்சா."

ரயில் சத்தம் தூரத்தில் கேட்டபோது பம்பரம், டயர் என்று மட்டும் சொன்னாலே போதும், தங்கச்சி தப்பித்துவிடுவாள், யார் மாற்ற வேண்டாம் என்றது என்று யாரும் கேட்கப் போவதில்லை என்றாள். பாலிஷ் சொன்னால் யார் நம்புவார்கள், பன்னிரண்டு வண்டி திருப்பியவர்தானே.

"ஆமா" என்றார் லென்ஸ். "அந்த ஆளு செஞ்ச பன்னெண்டுக்கும் ஒண்ணும் ஆகாது. செய்யாத ஒண்ணுக்கு உள்ள போவான்."

"நான் வழி சொன்னேன். போகச் சொல்லலை" என்றாள் பம்பரம். கேட் திறந்தது.

* * *

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர்கள் ஆஸ்பத்திரி நடைபாதைக்குள் வந்தார்கள். தங்கை அதே பெஞ்சில், அதே மூலையில். இன்ஸ்பெக்டர் அவளுக்குப் பக்கத்தில் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பேனாவின் மூடியைத் திறந்திருந்தார். மகளின் அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

லென்ஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எண்பது கிலோமீட்டர், ஷெட், வெயில் விழுந்த டயர், அறுபது தப்படி முன்னால் கிடந்த ரப்பர். பம்பரம் படங்களைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் போனில் போலீஸ்காரரைப் பிடித்து, பட்டையை எங்கே எடுத்தாய் என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"நான் கொட்டாவி விட்டேன் அண்ணா" என்றாள் தங்கை. "அது நிஜம்."

"விட்டிருப்பே. டயர் அதுக்காக உரியலை."

அவள் அவரைப் பார்த்தாள். ஆறு நாளில் முதல் தடவையாக முகத்தை நேராகப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் எழுதிவைத்த காகிதத்தைக் கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அப்படியானால் செத்த டயரோடு வண்டியை விற்றவன்மேல்தான் வழக்கு, இன்றைக்கே ஆளைத் தூக்கிவிடலாம் என்று எழுந்தார்.

"உக்காருங்க சார்" என்றார் லென்ஸ். "வித்தவன் சொல்லியிருக்கான். டயர் பழசு, மாத்துங்கன்னு சொல்லிட்டுத்தான் சாவியைக் கொடுத்தான். வேண்டாம்னு சொன்னது நான். அதையும் எழுதிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் பம்பரத்தைப் பார்த்தார், இவர் விளையாடுகிறாரா என்று. பம்பரத்தின் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. அவர் உட்கார்ந்து புதுக் காகிதம் எடுத்தார். லென்ஸ் சொல்லச் சொல்ல எழுதினார். கேட்டது, குனிந்தது, தடவியது, சொன்னது. வெளியே யாரோ சக்கரப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். லென்ஸ் கையெழுத்துப் போட்டார்.

"நான் அப்போ சிரிச்சேன், இல்லே?" என்று தங்கை கேட்டாள்.

"ஆமா."

"அந்த வெள்ளைக் காரை வாங்கியிருக்கலாம்."

"வாங்கியிருக்கலாம்."

அவள் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது போலும், சுவரைப் பிடித்து நின்றாள். பம்பரம் கை கொடுக்கப் போனாள், வேண்டாம் என்று தலையசைத்தாள். தலைமுடியை இரண்டு கையாலும் ஒதுக்கினாள், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், எதிரே இருந்த கதவை நோக்கி நடந்தாள். லென்ஸும் தன்னையறியாமல் அவள் பின்னால் இரண்டடி வைத்தார்.

கதவில் கை வைத்தபடியே அவள் நின்றாள். திரும்பவில்லை.

"நீ வராதே அண்ணா. இன்னைக்கு வேண்டாம்."

கதவு அவளை உள்ளே விட்டுச் சாத்திக்கொண்டது. முதலில் குழந்தை அழுதது, பிறகு அம்மா அழுதாள், பிறகு குழந்தை, ஆறு நாளாக எங்கே போயிருந்தாய் என்று அதட்டும் குரலில் விசாரித்தது. அப்பாக்காரர் என்னென்ன காரணம் சொல்லியிருந்தார் என்பதை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொடுத்தது. யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் லென்ஸின் தோளை ஒரு தடவை தட்டிவிட்டுப் போனார்.

"தலைவரே, வாங்க. கீழே போய் டீ குடிக்கலாம்" என்றாள் பம்பரம்.

அப்போதுதான் உள்ளேயிருந்து குழந்தையின் குரல் கதவைத் தாண்டித் தெளிவாக வந்தது.

"மாமா வரலையாம்மா?"

பதில் உடனே வரவில்லை. பம்பரம் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். லென்ஸ் நகராமல், கதவைப் பார்த்தபடி, அந்தப் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.